மரிகவுடர் பாடையில் படுத்த நாள்

ஹாலுகட்டெ ஊரில் பால் சொசைட்டிக்குப் போய்ப் பாலை ஊற்றிவிட்டு வீட்டுக்குத் திரும்பாமல், ஊற்றிய பால் பெரிய கேனுக்குள் போய் மூடி விழும்வரை நின்று பார்க்கிற ஒரே ஆள் மரிகவுடர்தான். "ஏன் கவுட்ரே, பாலுக்குக் காவலா?" என்று யாராவது கேட்டால், "பாலுக்கு எதுக்குக் காவல்? மனுசனுக்குத்தான் காவல் வேணும்" என்பார். டாக்டர் ஊசி போட வந்தால் மருந்துக் குப்பியை வாங்கி முகர்ந்து பார்த்த பிறகே கையை நீட்டுவார். அவரைப் பற்றி யாராவது நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டால் போச்சு, அன்று முழுவதும் அவருக்குச் சோறு இறங்காது. இவன் எதற்கு என்னைப் புகழ்கிறான், இவனுக்கு என்ன வேண்டியிருக்கிறது என்று படுத்தும் புரண்டும் யோசிப்பார்.

அவர் மனைவி நிங்கம்மா முப்பத்தெட்டு வருடம் இந்த மனிதரோடு குப்பை கொட்டியவள். கல்யாணமான புதிதில் குழம்புச் சாற்றில் உப்பு கொஞ்சம் கூடிவிட்டது. "இப்படிப் போடச் சொல்லி உங்க அம்மா வீட்ல சொல்லி அனுப்பினாங்களா?" என்று கேட்டாராம். அன்றோடு அவருக்கு விளக்கம் சொல்வதை அவள் விட்டுவிட்டாள். அவர் எதையாவது துருவ ஆரம்பித்தால், ராகிக் களியைத் தட்டில் உருட்டி வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவாள். ஒரே மகள், ஹாசனில் கட்டிக்கொடுத்தாயிற்று. மகன் இல்லை.

மரிகவுடர் ஆயுசுக்கும் ஆயிரம் சந்தேகப்பட்டிருப்பார். மெய்யாகிப் போனது ஒன்றே ஒன்று. அதுவும் கூடப்பிறந்த தம்பி பொம்மேகவுடர் விஷயத்தில்.

அப்பா போன பிறகு ராகிக் கொல்லையை இரண்டாகப் பிரித்து நடுவில் எல்லைக்கல் நட்டார்கள். தம்பி உழுதுவிட்டுப் போனதும் மரிகவுடர் வந்து வரப்பிலிருந்து கல்வரை அடிமேல் அடி வைத்து அளப்பார். மூன்று வருடம் இப்படி அளந்து பார்த்துவிட்டு, தம்பி கல்லை நகர்த்திவிட்டான் என்று பஞ்சாயத்தைக் கூட்டினார். ஊர்ப் பெரியவர்கள் சங்கிலி போட்டு அளந்தார்கள். கல் நட்ட இடத்திலேயே இருந்தது. "சங்கிலியே சரியில்லை. திருட்டுப் பயலுக்கு ஊரே துணை" என்றார் மரிகவுடர். பொம்மேகவுடர், பக்கத்தில் மனைவி நிற்க, குனிந்த தலை நிமிராமல் நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனமே மரிகவுடருக்குப் பெரிய சாட்சியாகிவிட்டது.

ஒரு வருடம் கழித்து மறுபடி அளந்தார். ஒரு முழம் குறைந்திருந்தது! வருத்தப்பட வேண்டிய மனிதருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தெருத் தெருவாகப் போய், "பாத்தீங்களா? நான் அன்னிக்கே சொன்னேன்ல?" என்று எல்லாரிடமும் சொன்னார். பெரியவர்கள் மறுபடி அளந்தார்கள். ஆமாம், ஒரு முழம். கல்லைப் பழைய இடத்தில் நட்டார்கள். தம்பி அப்போதும் மறுக்கவில்லை. வீட்டைக் காலி செய்துகொண்டு, மூன்று மைல் தள்ளி மனைவியின் ஊரான முதிகெரெக்குப் போய்விட்டார். வண்டி ஏறும்போது நடுத்தெருவில் நின்று கத்தினார். "நீ செத்தாலும் வரமாட்டேன். உன் குழியில ஒரு பிடி மண்ணு என் கையால விழாது."

பதினோரு வருடம் இருவரும் பேசவில்லை. தம்பி உழவுக்கு வந்தால் அண்ணன் கிணற்றுப் பக்கம் போய்விடுவார். ஊர் அவரை நியாயஸ்தன் என்று ஒப்புக்கொண்டது, அவருக்கும் அதில் கர்வம்தான். ஆனால் அந்தக் கடைசி வார்த்தை மட்டும் உள்ளே கிடந்து அரித்தது. மகன் இல்லாதவன் பாடைக்கு முன்னால் நெருப்புச் சட்டி தூக்குவதும் முதல் பிடி மண் போடுவதும் கூடப்பிறந்தவன்தான். வருவானா, வரமாட்டானா? அறுபது தாண்டி முழங்கால் வலி வந்த பிறகு, மற்ற எல்லாச் சந்தேகத்தையும் தள்ளிக்கொண்டு இது ஒன்றே முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டது. இதை அவர் நிங்கம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

அந்த வருடம் ராகி அறுப்பு முடிந்த கையோடு, பெங்களூரிலிருந்து இரண்டு வேனில் சினிமாக்காரர்கள் வந்து இறங்கினார்கள். கிராமத்துக் கதை, கன்னடப் படம், ஊர் ஜனங்களையே வைத்து எடுக்கப் போகிறோம் என்றார்கள். டைரக்டர் சுஹாஸ் என்று ஒரு தாடிக்காரப் பையன், முப்பது வயதுகூட இருக்காது. எல்லாரும் வேடிக்கை பார்க்க ஓடினார்கள். மரிகவுடர் மட்டும் வேலியோரம் நின்று கேமராவின் கால்களையே பார்த்தார். மூன்று கால். சர்வேக்காரர்கள் கொண்டுவருகிற கருவிக்கும் அதே மூன்று கால்.

"நிங்கி, இது சினிமா இல்லை" என்றார் வீட்டுக்கு வந்து.

"பின்ன?"

"நிலத்தை அளக்க வந்திருக்கானுங்க. சாணி மெழுகின செவுத்தை எவனாவது காசு குடுத்துப் பாப்பானா? ரோடு போடப் போறான், இல்லாட்டி கல்லு குவாரி."

"அப்ப அந்தப் பொண்ணு எதுக்கு மூஞ்சியில மாவு பூசிட்டு அழுவுது?"

"நம்பளை ஏமாத்தத்தான்."

நான்கு நாள் அவர்கள் பின்னாலேயே அலைந்தார். கேமரா எந்தக் கொல்லையைப் பார்த்துத் திரும்புகிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். ஐந்தாம் நாள் டைரக்டரே அவரிடம் வந்தான்.

"கவுட்ரே, ஒரு உதவி. சாவு சீன் எடுக்கணும். பிணமா படுக்க வேண்டிய நடிகருக்குக் காய்ச்சல், வரல. ஊர்ல யாரைக் கேட்டாலும் துடைப்பத்தைத் தூக்குறாங்க. உங்க முகம் அப்படியே..."

"அப்படியே என்ன? செத்த முகமா?"

பையன் நாக்கைக் கடித்துக்கொண்டான். டீக்கடை சண்ணப்பா அங்கேதான் இருந்தான். "அவரு படுக்கமாட்டாரு சார். எமன் வந்தாலே உன் அடையாளச் சீட்டைக் காட்டுன்னு கேக்கற ஆளு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

மரிகவுடர் சிரிக்கவில்லை. பாடை ஊர்வலம் நாகமங்கலம் ரோட்டைக் குறுக்கே கடக்கும் என்றான் டைரக்டர். கேமராவை வைக்கோல் வண்டிக்குள் மறைத்து வைப்பார்களாம், பார்க்கிறவர்களுக்கு நிஜச் சாவு மாதிரியே இருக்க வேண்டுமாம். அந்த ரோட்டில் காலை பத்து மணிக்கு ஒரு பஸ் போகும். அது அடுத்து நிற்கிற ஊர் முதிகெரெ.

"படுக்கறேன்" என்றார்.

நிங்கம்மா கேட்டதும் கையிலிருந்த சொம்பை நங்கென்று கீழே வைத்தாள். "உயிரோட இருக்கறவன் பாடையில படுக்கறதா? எனக்கு வளையல் கையில இருக்கு, ஞாபகம் இருக்கா?"

"சினிமாதானே."

"நேத்துவரை அது சினிமா இல்லை, சர்வேன்னு சொன்னீங்க."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலையில் மூங்கில் பாடை கட்டி, அவரைக் கிடத்தி, நெற்றியில் காசு ஒட்டி, கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டி, சாமந்தி மாலை போட்டார்கள். சண்ணப்பாவும் இன்னும் மூன்று பேரும் தூக்கினார்கள். முன்னால் தமட்டை மேளம். என்ன நடந்தாலும் யாரும் நிறுத்தக்கூடாது, சினிமா என்று யாரிடமும் சொல்லக்கூடாது, பிலிம் வீணாகும் என்று டைரக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான்.

ரோட்டில் ஏறும்போது பஸ் வந்து நின்றது. டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி வருவது காதில் கேட்டது.

"அடப் பாவமே, மரிகவுட்ரா? போன வாரம்கூடச் சில்லறைக்குக் கண்டக்டர் சட்டையைப் பிடிச்சாரே!"

சண்ணப்பா வாய் திறக்கவில்லை. அந்தப் பக்கத்தில் வழக்கம் என்னவென்றால், வழியில் ஒரு பாடையைப் பார்த்த டிரைவர் அடுத்த ஊர்களில் நிறுத்தி இன்னார் போய்விட்டார் என்று சொல்லிவிட்டுத்தான் போவார். அப்படிச் சொல்லாமல் போவது பாவம். இது மரிகவுடருக்குத் தெரியாததல்ல. அவர் செய்தி அனுப்பவில்லை. எழுந்து உட்கார்ந்து தடுக்கவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, பஸ் புறப்பட்டுப் போகும் சத்தத்தை முழுவதும் கேட்டுக்கொண்டு கிடந்தார்.

டைரக்டருக்குத் திருப்தி வரவில்லை. வெயில் சரியில்லை, மேளம் சரியில்லை என்று பாடையைத் திரும்பத் திரும்பத் தெருமுனைக்குக் கொண்டுபோய்த் தூக்கிவரச் செய்தான். நான்காவது தடவை பாடையைத் தெருவில் இறக்கி வைத்திருந்தபோது, வடக்குப் பக்கமிருந்து ஒரு அலறல் கேட்டது.

"அண்ணய்யா!"

கால்கள் ஓடிவரும் சத்தம். அடுத்த கணம் மரிகவுடரின் நெஞ்சில் ஒரு தலை மோதியது. பதினோரு வருடத்துக்குப் பிறகும் அந்தத் தலையின் எண்ணெய் வாசனை அவருக்குத் தெரிந்தது.

"போயிட்டியே! என்கிட்ட ஒரு வார்த்தை பேசாம போயிட்டியே! அப்பனுக்கு அப்பனா இருந்தியே, இனி நான் யாரோட சண்டை போடுவேன்!"

வைக்கோல் வண்டிக்குள் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. மரிகவுடர் கேட்க ஆசைப்பட்டதெல்லாம் இதுதான். வந்துவிட்டான். அழுகிறான். நெஞ்சு நனைகிறது. அத்தோடு திருப்தியாகக் கிடந்திருக்கலாம். பாழாய்ப்போன புத்தி விட்டால்தானே. நனைந்தது கண்ணீரா வியர்வையா? மூன்று மைல் ஓடிவந்தவனுக்கு வியர்க்காதா? இவனுக்கு இது சினிமா என்று யாராவது சொல்லியிருந்தால்?

வலது கண்ணை ஒரு நெல் அளவுக்குத் திறந்து பார்த்தார்.

பொம்மேகவுடர் அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டார்.

அழுகை சட்டென்று நின்றது. மெல்ல எழுந்தார். பாடையை, சண்ணப்பாவை, வைக்கோலுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த கண்ணாடி வட்டத்தை, தாடிக்காரப் பையனை, ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகம் கறுத்துப்போனது.

"என்னை அழவெச்சுப் பாத்தியா?" என்றார். "ஊரைக் கூட்டி, மேளம் அடிச்சு, நான் அழுவுறேனா இல்லையான்னு பாக்கப் பாடை கட்டினியா?"

மரிகவுடர் எழுந்து உட்கார்ந்தார். கட்டைவிரல்கள் கட்டியிருந்ததால் நிற்க முடியவில்லை. "அப்படி இல்லை, இது சினிமா, கேட்டுப் பாரு..."

"எதைக் கேட்டுப் பாக்கறது? உன்னை நம்பச் சொல்றியா?"

ஆயுசில் முதல்முறையாக மரிகவுடர் உண்மையைச் சொல்லி, அதை நம்பாத ஒரு முகத்துக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். அது எப்படி இருக்கும் என்று அவருக்கு இதுவரை தெரியாது. அதைவிடக் கொடுமை, அது முழு உண்மையும் இல்லை. பஸ் போன சத்தம் அவருக்கு ஞாபகம் வந்தது.

பொம்மேகவுடர் புங்க மரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டார். கதவைத் திறந்துகொண்டு வந்த நிங்கம்மா அவருக்கு மோர் கொண்டுபோய்க் கொடுத்தாள். திரும்பி வந்து புருஷன் எதிரில் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"சேதி கேட்டதும் அங்க வீட்ல ஆக்கின சோறு, கொழம்பு, குடிதண்ணி எல்லாத்தையும் வெளிய கொட்டிட்டாங்களாம். அடுப்பை அணைச்சிட்டு, தலைக்கு ஊத்திக்கிட்டு, பொண்டாட்டி பிள்ளைங்க நடந்து வந்துட்டிருக்காங்களாம். இதுவும் நடிப்பா?"

"நான் என்ன சொன்னேன் இப்ப?"

"நீங்க எதுவும் சொல்ல வேண்டாம். உங்க கண்ணு சொல்லிடுச்சே."

டைரக்டருக்கோ கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இப்படி ஒரு அழுகை எந்த நடிகனிடமும் வராது, ஆனால் பிணம் கண்ணைத் திறந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது. மரத்தடிக்குப் போய்ப் பொம்மேகவுடரின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினான். வழியில் பாடையை இறக்கி, காதில் கூப்பிடுகிற கட்டத்தையாவது நீங்கள் செய்து தாருங்கள் என்றான். புதைக்கப் போகும் பாதி வழியில் பாடையை இறக்கி, உரிமைக்காரன் இறந்தவர் காதில் மூன்று தடவை கூப்பிடுவது அங்கே வழக்கம். உயிர் ஒட்டிக்கொண்டிருந்தால் எழுந்து வரட்டும் என்பதற்காக.

பொம்மேகவுடர் பாடையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "செய்யறேன். ஆனா அவன் வாயைத் திறக்கக்கூடாது. கண்ணையும் திறக்கக்கூடாது. சத்தியம் பண்ணச் சொல்லு" என்றார்.

தம்பி எதற்கு ஒத்துக்கொண்டான் என்று மரிகவுடருக்கு மறுபடியும் குடைந்தது. ஆனாலும் சத்தியம் பண்ணிவிட்டுப் படுத்தார்.

இந்தத் தடவை பாடையைப் புங்க மரத்தடியில் இறக்கினார்கள். மேளம் நின்றது. பொம்மேகவுடர் மண்டியிட்டுக் காதருகே குனிந்தார்.

"அண்ணய்யா" என்று ஊர் கேட்கக் கூப்பிட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். அது மரிகவுடரின் காதைத் தாண்டி எங்கும் போகவில்லை.

"பேசாம கேளு. நான் பேச ஆரம்பிச்சா நீ குறுக்க பேசுவே, இன்னிக்குத்தான் உன் வாய் கட்டியிருக்கு. கல்லை நான் நகத்தினேன். ஆனா எப்ப நகத்தினேன் தெரியுமா? பஞ்சாயத்துல கல்லு நட்ட இடத்துலயே இருந்துச்சு. மூணு வருஷமா நான் உழுதுட்டுப் போனப்புறம் நீ வந்து அடி வெச்சு அளப்பே. புளியமரத்துக்குப் பின்னால நின்னு நான் பாத்துட்டே இருப்பேன். என்னிக்காவது அளக்காம விடுவான்னு காத்துட்டே இருந்தேன்."

மரிகவுடர் மூச்சை அடக்கிக்கொண்டார்.

"அண்ணய்யா!" இரண்டாவது தடவை. குரல் உடைந்து வந்தது. ஜனங்களில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

"பொண்டாட்டி முன்னால திருட்டுப் பயல்னு சொன்னே. அடுத்த உழவுக்கு வந்தப்போதான் கடப்பாரையைக் கையில எடுத்தேன். திருடன்னு பேர் வாங்கியாச்சு, திருடாம இருந்து யாருக்கு நிரூபிக்கிறதுன்னு. ஒரு முழம். அந்த மண்ணுல எனக்கு ஒரு படி ராகிகூட வெளையலை. அதைப் பாத்துட்டு நீ சந்தோஷமா தெருத் தெருவா போனே பாரு, அன்னிக்குத்தான்டா என் அண்ணன் செத்தான். அன்னிக்கு அழுதேன் நான். இன்னிக்கு அழுதது மிச்சம்."

மரிகவுடர் இத்தனை வருடம் நெஞ்சில் குத்திக்கொண்டு திரிந்த ஒரே பதக்கம் அந்த ஒரு முழம்தான். தான் சந்தேகப்பட்டது சரி என்பதற்கு ஊரே ஒப்புக்கொண்ட ஒரே அத்தாட்சி. அதைத் தன் வாயாலேயே உண்டாக்கியிருக்கிறோம் என்பது, கால் கட்டி, காசு ஒட்டிப் படுத்திருக்கையில் தெரிந்தது. வெட்கம் உடம்பு முழுக்கச் சுட்டது. இவன் இதையும் பொய்யாகச் சொல்கிறானோ என்று உள்ளே ஒரு குரல் எழுந்தது. அந்தக் குரலை அவருக்கே பிடிக்கவில்லை.

"மூணாவது தடவை கூப்பிடறேன். பதில் சொல்லிடாதே, அந்தப் பையன் படம் கெட்டுடும்." பொம்மேகவுடர் நிமிர்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி குனிந்தார். "அண்ணய்யா."

சூடாக ஒரு சொட்டு மரிகவுடரின் காது மடலில் விழுந்து கழுத்துக்கு இறங்கியது. அவர் கண்ணைத் திறந்து பார்க்கவில்லை.

"என்னடா பொம்மா" என்றார்.

தமட்டைக்காரர்கள் ஒரு அடி பின்னால் பாய்ந்தார்கள். சண்ணப்பா, "அய்யய்யோ" என்றான். டைரக்டர் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தான். பொம்மேகவுடர் அண்ணனின் கட்டைவிரல் கட்டைப் பல்லால் கடித்து அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

படம் எப்படியோ வெளியே வந்தது. அதில் பாடை தூரத்தில் ஒரு வினாடி போகும், பிணத்தின் முகம் தெரியாது. மரிகவுடர் அதற்குப் பிறகும் பால் சொசைட்டியில் கேன் மூடும்வரை நின்றார். சுபாவம் ஒரே நாளில் மாறிவிடுமா என்ன? ஆனால் ராகிக் கொல்லையை மட்டும் அளக்கவில்லை. இரண்டு வீட்டு உழவையும் பொம்மேகவுடரே பார்த்துக்கொண்டார்.

ஆறு வருடம் கழித்து ஒரு தை மாதத்தில், மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தபோது மரிகவுடர் சாய்ந்தார். சேதி போன வேகத்தில் பொம்மேகவுடர் வந்தார். நெருப்புச் சட்டியை அவர்தான் தூக்கினார். பாதி வழியில் பாடையை இறக்கினார்கள். அவர் குனிந்து காதில் மூன்று தடவை கூப்பிட்டார். வழக்கம் அதோடு முடிந்துவிடும், எழுந்துவிட வேண்டும். பொம்மேகவுடர் எழவில்லை. காதை அண்ணன் வாயருகே வைத்துக் குனிந்தபடியே இருந்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தூக்கி வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், ஆனால் போகலாம் என்று யாரும் சொல்லவில்லை.